கிராவல் குழி ஓரத்தில் கட்டடம்: அறிகுறியை வைத்துச் சரிவைக் கணிக்கும் முறை

பக்கத்து நிலத்தில் கிராவல் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், குழி செங்குத்தாக அப்படியே நிற்கிறது, மழைக்கு அப்புறம் கொல்லைப்புறத் தரையில் ஒரு வெடிப்பு தெரிகிறது, பயப்பட வேண்டுமா? செம்மண் கிராவல் கிடைக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி வராத மழைக்காலம் இல்லை. ஓரத்தில் நிற்பது வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி, ஈபி கம்பம், கோயில் மண்டபம், கண்மாய்க் கரை எதுவாகவும் இருக்கலாம். கண்ணில் படும் அறிகுறி எது, அது எதைச் சொல்கிறது, அன்றைக்கே செய்ய வேண்டியது என்ன, பொறியாளரிடம் கேட்க வேண்டியது என்ன என்ற வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழிக்குள் இறங்கி மண்சுவரின் அடியில் நின்று பார்க்காதீர்கள். 6 மீட்டர் செங்குத்துச் சுவர் சரிந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 20 டன் மண் விழும், மேலே தரையில் மூன்றரை மீட்டர் அகலத்துக்குப் பெயர்ந்து போகும். கீழே நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது. விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதே ஆபத்துதான், ஏனென்றால் நீங்கள் நிற்பதே பெயர்ந்து விழப்போகும் அந்தத் துண்டின் மேல்தான். குழிச் சுவரைப் பார்ப்பதானால் எதிர்க் கரையிலிருந்தோ, ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்றோ பாருங்கள். போன் கேமராவின் ஜூம் போதும்.

அறிகுறிக்கு முன்னால் மூன்று அளவு

"விளிம்பிலிருந்து வீடு பத்து மீட்டர் தள்ளி இருக்கிறதே, பரவாயில்லையா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பத்து மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. குழியின் ஆழம் வேண்டும், சுவர் எவ்வளவு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது என்பது வேண்டும், அஸ்திவாரத்தின் அடிமட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதும் வேண்டும்.

சுவரின் அடி, அதாவது குழித் தரையும் சுவரும் சேரும் இடம், அங்கிருந்து வீட்டுப் பக்கமாக ஒரு சாய்கோடு மேலே ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் ஏறினால் இரண்டு மீட்டர் பின்னால் போகும் கோடு, அதாவது 26 டிகிரியை ஒட்டிய சாய்வு. அஸ்திவாரத்தின் அடிமட்டம் இந்தக் கோட்டுக்குக் கீழேயோ கோட்டைத் தாண்டி அப்பாலோ இருந்தால் குழி அதைத் தொடுவதற்கான வாய்ப்பு குறைவு. கோட்டுக்கு மேலே, குழிப் பக்கமாக விழுந்தால் அது கணக்குப் போட்டே தீர வேண்டிய இடம்.

8 மீட்டர் ஆழக் குழி, செங்குத்துச் சுவர் என்றால் விளிம்பும் அடியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தரைமட்ட அஸ்திவாரம் 16 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் கோட்டுக்கு வெளியே. பத்து மீட்டரில் இருக்கும் வீடு உள்ளே மாட்டிக்கொள்கிறது. அதே 8 மீட்டர் குழியை ஒன்றுக்கு ஒன்றாக, 45 டிகிரி சாய்வில் வெட்டியிருந்தால் அடியிலிருந்து விளிம்பு ஏற்கெனவே 8 மீட்டர் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து பத்து மீட்டர் என்றால் மொத்தம் 18, வீடு வெளியே வந்துவிடுகிறது. விளிம்பிலிருந்து அதே பத்து மீட்டர்தான், ஆனால் பதில் நேர் எதிர். அஸ்திவாரம் 1.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் கணக்கில் வரும் உயரம் 6.5 ஆகக் குறைந்து 13 மீட்டர் போதும் என்றாகும்.

இது சல்லடை மாதிரிக் கணக்குதான், வடிவமைப்புக் கணக்கு அல்ல. சுவரில் தண்ணீர் கசிந்தாலோ குழித் தரையில் மெத்தென்ற களி அடுக்கு இருந்தாலோ இந்தக் கோட்டை நம்பக்கூடாது. அளவெடுக்க விளிம்புக்குப் போக வேண்டியதும் இல்லை. கண்ணாடி வைக்காமலே தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வைத்திருக்கும் சர்வேயர் எதிர்க் கரையில் நின்றே குழியின் ஆழத்தையும் சுவரின் சாய்வையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

செங்குத்தாக நிற்கிறதே, அப்புறம் என்ன?

"பத்து வருசமாக இப்படித்தான் நிற்கிறது" என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதி. தளர்வான காய்ந்த கிராவலைக் கொட்டினால் 30 முதல் 35 டிகிரி வரைதான் நிற்கும். வெட்டிய சுவர் 90 டிகிரியில் நிற்கிறது என்றால் கற்களுக்கு இடையிலான உராய்வு மட்டும் அதைப் பிடித்திருக்கவில்லை, வேறு எதுவோ சேர்ந்து பிடிக்கிறது. செம்மண் கிராவலில் அது இரும்புச் சத்துள்ள களியின் பிசின் பிடிப்பும், துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் ஈரத்தின் இழுப்பும். கடற்கரையில் ஈர மணலில் கட்டிய வீடு நிற்கிறதே, அதே இழுப்புதான். காய்ந்தாலும் போகும், ஊறினாலும் போகும்.

எண்ணாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு கன மீட்டர் மண் 1.9 டன், உராய்வுக் கோணம் (உராய்வு மட்டுமே தாங்கக்கூடிய சாய்வு) 32 டிகிரி, பிடிப்பு ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் என்று வைத்துக்கொண்டால் கோட்பாட்டுப்படி 3.8 மீட்டர் வரை செங்குத்தாக நிற்கும். மழையில் ஊறி அந்தப் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 1.9 மீட்டர்தான். உராய்வுக் கோணம் அவ்வளவாக மாறுவதில்லை, மாறுவது பிடிப்பு, அது மாறுவதும் வடகிழக்குப் பருவமழையில் நாலு நாள் விடாமல் பெய்யும்போது. ஆகவே பத்துக் கோடை நின்ற சுவர் அடுத்த ஐப்பசியில் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அறிகுறி: விளிம்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு

எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் தரை வெடிப்பு எல்லாமே சரிவின் வெடிப்பு இல்லை. கோடையில் களி காய்ந்து வெடித்தால் வலைப்பின்னல் மாதிரி நாலு பக்கமும் ஓடும், மழை பெய்ததும் மூடிக்கொள்ளும். சரிவின் வெடிப்பு குழி விளிம்பை ஒட்டியே, கொஞ்சம் வில் போல வளைந்து ஓடும், இரண்டு முனைகளும் குழியை நோக்கித் திரும்பும், மழைக்கு அப்புறம் மூடாமல் அகலமாகும். குனிந்து பார்த்தால் பக்கங்களில் அறுந்த புல் வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், வேரின் அறுந்த முனை வெள்ளையாக இருந்தால் வெடிப்பு புதிது. குழிப் பக்கத் தரை வீட்டுப் பக்கத் தரையைவிட ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இப்படிப் பார்க்கும்போது நிற்பதும் குனிவதும் வீட்டுப் பக்கத்திலிருந்துதான், வெடிப்பைத் தாண்டி ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

இறங்கியிருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். அந்தத் துண்டு ஏற்கெனவே நழுவ ஆரம்பித்துவிட்டது. குழிப் பக்கத்து அறைகளைக் காலி செய்யுங்கள், வெடிப்பு வீட்டிலிருந்து நாலைந்து மீட்டருக்குள் வந்திருந்தால் வீட்டையே காலி செய்யுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறைக்கு 1070. தாசில்தார் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் போனைப் போடுங்கள்.

இறங்கவில்லை, வாய் மட்டும் திறந்திருக்கிறது என்றால் முதல் எதிரி தண்ணீர். மேலே சொன்ன அதே மண்ணில் இந்த வெடிப்பு 1.9 மீட்டர் ஆழம் வரை போகலாம். அது மழைநீரால் நிரம்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.8 டன் பக்கவாட்டுத் தள்ளல், முன்பு இல்லாத புதுத் தள்ளல். களிமண்ணைக் குழைத்து வெடிப்பை அடைத்து, மேலே தார்ப்பாய் விரித்து, வீட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப ஒரு சின்ன வரப்பு போடுங்கள். சிமெண்ட் பாலை ஊற்றி அடைக்காதீர்கள். ஊற்றும்போது அது திரவமாகவே தள்ளும், இறுகிய பிறகு அசைவை மறைத்துவிடும்.

அப்புறம் அளவு. வெடிப்பின் இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் கம்பியை முழங்கால் ஆழத்துக்கு அடித்து, தலையில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, கீறலுக்குக் கீறல் இரும்பு டேப்பால் தினமும் ஒரே நேரத்தில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கம்பி அடிக்க வெடிப்பைத் தாண்ட வேண்டியிருந்தால், அந்தப் பக்கம் போகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனை பின்னால் ஒரு மரத்திலோ ஜீப்பிலோ கட்டியிருக்க வேண்டும். விளிம்பு ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம், எதிர்க் கரையிலிருந்து அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் திறந்தது என்பதைவிட, வேகம் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. ஜப்பானில் ஃபுகுசோனோ என்பவர் 1985-இல் சொன்ன வழி இன்றும் உலகம் முழுக்கச் சுரங்கங்களில் பயன்படுகிறது: ஒன்றை அன்றைய வேகத்தால் வகுத்து வரும் எண்ணைத் தேதிவாரியாக வரைந்து பாருங்கள். நாளொன்றுக்கு 2 மில்லிமீட்டர் என்றால் 0.5. மறுநாள் 2.5, அது 0.4. அதற்கு மறுநாள் 3.3, அது 0.3. நாலாம் நாள் 5, அது 0.2. கோட்டை நீட்டினால் ஆறாம் நாள் பூஜ்யத்தைத் தொடுகிறது, அந்த நாளை ஒட்டித்தான் சரிவு. ஆனால் செங்குத்துக் கிராவல் சுவர் சில சமயம் எந்த முன்னறிவிப்பும் தராமல் பிளந்து விழும். எண்கள் அமைதியாக இருப்பதால் பிள்ளைகளை அங்கே விளையாட விடலாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அறிகுறி: அடியில் புதுக் குவியல், மேலே குடை மாதிரி நீட்டல்

சுவரின் அடியில் கூழாங்கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சேர்வது இரண்டு விதமாக நடக்கும். மேல்தோல் காய்ந்து உதிர்வது ஒன்று, இதில் குவியல் மெல்லிசாக நீளவாக்கில் பரவியிருக்கும், நிறம் வெளிறியிருக்கும். இன்னொன்று, ஒரே இடத்தில் கூம்பாகச் சேர்ந்து, மண் கருஞ்சிவப்பாக ஈரத்தோடு இருப்பது. அப்படியென்றால் உள்ளிருந்து ஒரு கட்டி கழன்றிருக்கிறது, அதற்கு மேலே இருப்பது இப்போது அந்தரத்தில் நிற்கிறது.

ஜேசிபியோ ஹிட்டாச்சியோ அடியில் மட்டும் சுரண்டி எடுத்துக்கொண்டு போனால் மேற்பகுதி குடை போல நீட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரியில் கள்ளத்தனமாக மண் அள்ளும் குழிகளில் இதைக் கட்டாயம் பார்க்கலாம், ஏனென்றால் அவர்களுக்கு மேலே போய்ப் படிப்படியாக இறக்க நேரம் இல்லை. நிலக்கரி, எண்ணெய் அல்லாத சுரங்கங்களுக்கான 1961-ஆம் ஆண்டின் மெட்டாலிஃபெரஸ் சுரங்க ஒழுங்குவிதிகளில் 106-ஆம் விதி இப்படி அடியைக் குடைந்து தொங்கலாக விடுவதைத் தடை செய்கிறது. கிராவல், மொரம், களி மாதிரியான மண்ணில் பக்கங்கள் 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, அல்லது படி வெட்ட வேண்டும், படியின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக்கூடாது. பிறருடைய கட்டடம், பொதுச்சாலை, ரயில் பாதை இவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் வேலையைக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும் என்றும் அதே ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. மனு எழுதும்போது இந்த எண்களை எழுதுங்கள், "ஆபத்தாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. மனுவை மாவட்ட ஆட்சியருக்கும், புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் 45 டிகிரி என்பது தோண்டுகிறவருக்கு விதித்த மேல் வரம்பு. பக்கத்தில் கட்டடம் இருந்தால் அது போதும் என்று அர்த்தம் இல்லை.

அடியில் குவிந்ததை அள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள், யாரையும் அள்ளவும் விடாதீர்கள். அசிங்கமாகத் தெரிகிற அந்தக் குவியல்தான் சுவரின் காலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: சுவரில் ஈரம், கசிவு, ஊற்று

மழை நின்று ஒரு வாரம் கழித்தும் சுவரில் ஓர் இடம் மட்டும் கருத்து நிற்கிறது, அங்கே மட்டும் கோரையோ பெரணியோ முளைத்திருக்கிறது என்றால் பின்னாலிருந்து தண்ணீர் வருகிறது. இந்த அறிகுறியை அலட்சியமாக விடுகிறவர்கள் அதிகம், எனக்கோ வெடிப்புக்கு அடுத்தபடி இதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

காரணம் இதோ. பிடிப்பே இல்லாத கிராவலில், உராய்வு 35 டிகிரி என்றால், ஒன்றுக்கு இரண்டு சாய்வு காய்ந்திருக்கும்போது பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்கும் வலிமையைச் சரிக்கும் விசையால் வகுத்த எண், 1.4. அதே சாய்வில் நீர் மட்டம் மேல்பரப்பு வரை ஏறிச் சரிவுக்கு இணையாக ஓடினால் 0.7-ஐ ஒட்டி விழுந்துவிடும். ஒன்றுக்குக் கீழே போனால் நிற்காது. ஒரு பிடி மண்கூட யாரும் எடுக்காமலே, வெறும் தண்ணீரால், பாதுகாப்பு சரிபாதியாகிறது.

ஆகவே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வீட்டுக் கொல்லையில், அதாவது சரியாகக் குழிப் பக்கத்தில், செப்டிக் டேங்கும் அதன் தண்ணீர் மண்ணில் ஊறும் சோக் பிட்டும் இருக்கும், பெரும்பாலும் முதல் சந்தேகம் அதுதான். கழிவறையில் ஒரு பக்கெட் தண்ணீரில் துணிச் சாயத்தைக் கலந்து ஊற்றிவிட்டு, எதிர்க் கரையிலிருந்து நாலைந்து நாள் கசிவின் நிறத்தைக் கவனியுங்கள். களி கலந்த மண் சாயத்தை வடிகட்டிவிடலாம், அதனால் நிறம் வந்தால் உறுதி, வராவிட்டால் ஒன்றும் முடிவாகவில்லை. அடுத்தது குடிநீர்க் குழாய்: ராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தரைத்தொட்டியின் மட்டத்தைக் கோடு போட்டு வைத்துக் காலையில் பாருங்கள், குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டும் இல்லையென்றால் பக்கத்து வாய்க்கால், கண்மாய், வயல். வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளுக்கும் கசிவு கூடிய நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று குறித்தாலே விடை கிடைத்துவிடும்.

தெளிந்த தண்ணீர் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். கலங்கலாக, மண்ணை எடுத்துக்கொண்டு வந்தால் உள்ளே குழாய் மாதிரிப் பாதை உருவாகிறது, மேலே திடீரென்று குழி விழும். கசியும் வாயைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, அதைச் செய்யவே கூடாது. அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறி முழுச் சுவரையும் தள்ளும். தண்ணீர் வர வேண்டும், மண் வரக்கூடாது. இதற்குச் சுவரை ஒட்டி முதலில் மணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் பெரிய கல் என்று வடிகட்டியாக அடுக்க வேண்டும். அந்த வேலையைப் பொறியாளர் மேற்பார்வையில், காய்ந்த நாளில், மேலே ஒருவர் காவலுக்கு நிற்கச் செய்யுங்கள். சோக் பிட்டை வீட்டின் எதிர்ப் பக்கத்துக்கு மாற்றுவதை நீங்களே இந்த வாரத்திலேயே தொடங்கலாம்.

அறிகுறி: வீட்டுச் சுவரில் விரிசல்

குழிதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பாருங்கள். மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் கிடைமட்டமாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. தூணும் செங்கலும் சேரும் இடத்தில் நேராக வரும் மயிரிழை பூச்சு வேலையின் குறை. குழியால் வரும் விரிசல் குழிப் பக்கத்து மூலையில் ஆரம்பிக்கும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும், மேலே அகலமாகவும் கீழே மெல்லிசாகவும் இருக்கும், ஏனென்றால் அந்த மூலை இறங்கி வெளியே சாய்கிறது. அதே பக்கத்து அறையின் கதவும் பிடிக்க ஆரம்பிக்கும்.

உறுதி செய்யத் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் போதும். பூச்சு இல்லாத இடத்தில் தெரியும் ஒரு செங்கல் வரிசையையோ, அஸ்திவாரத்தின் மேல் ஓடும் கான்கிரீட் பட்டையான பிளிந்த் பீமின் மேல் விளிம்பையோ எடுத்துக்கொண்டு குழிப் பக்க மூலையிலும் எதிர் மூலையிலும் மட்டம் பாருங்கள். கட்டும்போது மேஸ்திரி அதை மட்டம் பார்த்துத்தான் வைத்திருப்பார். 5 மில்லிமீட்டர் வித்தியாசம் கட்டும்போதே வந்திருக்கலாம், 25 வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. விரிசலின் குறுக்கே 3 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள், அசைந்தால் கண்ணாடி உடையும். விரிசலைப் பூசி மறைப்பதை இரண்டு மழைக்காலம் தள்ளிப் போடுங்கள்.

அறிகுறி: கம்பம், வேலிக்கல், மரம், தொட்டி சாய்வது

காம்பவுண்டு சுவரும் வேலிக்கல்லும் ஆழம் இல்லாமல் நிற்பவை, அதனால் வீட்டைவிட அவைதான் முதலில் காட்டிக் கொடுக்கும். வேலிக்கல் வரிசையில் ஒரு நூல் கட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் குழிப் பக்கம் வளைகிறது என்று தெரியும். மரம் முழுக்க வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் அது பல வருட மெதுவான நகர்வு, தண்டு நேராக இருந்து அடியோடு சாய்ந்திருந்தால் நகர்வு சமீபத்தியது. ஈபி கம்பம் சாய்ந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், முட்டுக் கொடுக்கிறேன் என்று நீங்கள் கிட்டப் போக வேண்டாம்.

மேல்நிலைத் தொட்டி தனிக் கதை. 30,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் தண்ணீர் மட்டுமே 30 டன், அதுவும் உயரத்தில். தொட்டியின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு முன்பு எடுத்த அளவோடு ஒப்பிட்டுச் சாய்வு கூடியிருந்தால் அன்றைக்கே தண்ணீரை இறக்கிவிட வேண்டும், அதை வெளியேற்றும் குழாய் குழிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு. ஊருக்குத் தண்ணீர் இல்லை என்ற சத்தம் வரும். வரட்டும், லாரித் தண்ணீர் வரவழைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: மழைத் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் கொட்டுவது

2021 ஜூலையில் ஜெர்மனியில் எர்ஃப்ட்ஷ்டாட் நகரின் பிளெசெம் பகுதியில் நடந்தது இதுதான். கனமழையில் எர்ஃப்ட் ஆறு கரை மீறி, அந்தத் தண்ணீர் பக்கத்தில் இருந்த கிராவல் குழிக்குள் பாய்ந்தது. விழுகிற இடத்தில் விளிம்பு அரித்துப்போனது, அரித்த இடம் பின்னோக்கி ஊரை நோக்கி நகர்ந்தது, கடைசியில் ஊர் ஓரத்து வீடுகள் அடியோடு குழிக்குள் போயின. அங்கே சரிவை ஆரம்பித்து வைத்தது வீட்டின் எடை இல்லை, மேலிருந்து விழுந்த தண்ணீர். நம் ஊர்க் குழியில் இதன் சின்ன வடிவம் ஒவ்வொரு ஐப்பசியிலும் நடக்கிறது: விளிம்பில் ஒரு வாய், அதிலிருந்து பின்னால் நீளும் ஓடை, ஓடையின் தலை ஒவ்வொரு மழைக்கும் வீட்டை நோக்கி நெருங்கி வரும்.

ஓடைத் தலையின் பின்னால் ஓர் ஆப்பு அடித்து வைத்து ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் தூரத்தை அளந்து பாருங்கள். ஓடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தெருச் சாக்கடை, கூரைத் தண்ணீர், வயல் வடிகால் எல்லாவற்றையும் விளிம்புக்கு இணையாக ஓடும் வரப்பால் திருப்புங்கள். குழிக்குள் விட்டே ஆக வேண்டும் என்றால் கல் பாவிய அல்லது கான்கிரீட் இறக்கத்தின் வழியாக அடித்தரை வரை கொண்டுபோய் விட வேண்டும், நடுவழியில் மண்ணில் விழக்கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி இருக்கிறது. மழையில் குழி நிறைந்துவிடும், மீன் வளர்க்கவோ மிச்ச மண்ணை அள்ளவோ இரண்டு மூன்று மோட்டார் போட்டு ஒரே வாரத்தில் இறைப்பார்கள். குழித் தண்ணீர் நிற்கும்வரை அது சுவரை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று வெளித் தண்ணீர் இறங்கிவிட, களி கலந்த கிராவலின் உள்ளே இருக்கும் தண்ணீர் அத்தனை வேகமாக இறங்காது, உள்ளிருந்து தள்ளும். சுவர் சரிவது நிறையும்போது இல்லை, இப்படி வடியும்போது. இறைத்தே தீர வேண்டுமென்றால் மெதுவாக, விளிம்பு அளவுகளைத் தினமும் பார்த்துக்கொண்டே இறையுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் கட்டடம் கோட்டுக்கு உள்ளே

இங்கே பொறியாளரிடம் பணம் கொடுத்துக் கணக்குப் போடுங்கள். கட்டடத்துக்கும் விளிம்புக்கும் இடையில் குறைந்தது ஒரு போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளை), அதுவும் குழித் தரைக்குக் கீழே சில மீட்டர் வரை போக வேண்டும். மேலே நல்ல கிராவல் இருந்து அடியில் மெல்லிய களி அடுக்கு இருந்தால் அதன் மேல்தான் எல்லாம் வழுக்கும், ஆழமில்லாத போர்ஹோலில் அது அகப்படாது. வழுக்கும் மண்ணைத் துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் பிஷப் முறையிலோ அதற்கு நிகரான முறையிலோ கணக்கிட்ட அறிக்கையில் மூன்று நிலைகள் இருக்கிறதா என்று பாருங்கள்: காய்ந்த நிலை, மழையில் நீர் மட்டம் ஏறிய நிலை, நில அதிர்வு நிலை. கட்டடத்தின் எடையும், விளிம்பு ஓரப் பாதையில் வண்டி போவதாக இருந்தால் அதன் எடையும் சேர்ந்திருக்க வேண்டும். சுமையேற்றிய பத்துச் சக்கர டிப்பர் 28 டன்னை ஒட்டி வரும். நிரந்தரக் கட்டடம் அருகில் இருந்தால் பொதுவாக 1.5 பாதுகாப்புக் காரணி எதிர்பார்க்கப்படும், ஈர நிலையிலும் அதற்குக் கிட்டத்தில் வர வேண்டும் என்பது என் கட்சி. காய்ந்த நிலையில் மட்டும் 1.5 காட்டும் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள்.

குறைவாக வந்தால் வழிகள் மூன்றுதான்: சரிவைத் தட்டையாக்குவது, அடியில் எடை வைப்பது, தண்ணீரை வடிப்பது. வீட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே இடம் இருந்தால் மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறக்குவது மலிவு. இடம் இல்லையென்றால் குழித் தரையிலிருந்து பாறைக்கல்லும் கிராவலுமாக அடுக்கடுக்காக இறுக்கி முட்டு கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி, வடிகட்டி அடுக்கும் அதிலேயே சேர்ந்துவிடும். அடியில் அரை மீட்டர் செங்கல் சுவர் கட்டிப் பூசிவிடுவது கண்ணுக்கு மட்டும்தான், நீர் வடிய துளை இல்லாத சுவர் நிலைமையை மோசமாக்கும். வெட்டிவேர் நடலாம், மேல் மண் அரிப்பை நன்றாகத் தடுக்கும், ஆனால் 8 மீட்டர் ஆழச் சரிவை அதன் வேர் பிடிக்காது. இடித்த கட்டடக் கழிவை விளிம்பிலிருந்து குழிக்குள் தள்ளுவது இரண்டு விதத்தில் கெடுதல்: தள்ளும்வரை எடை முழுக்க விளிம்பின் மேல், தள்ளியதும் அது இறுகாமல் தளர்வாகக் கிடக்கும்.

முட்டு போடும் வேலையை ஆகஸ்டுக்குள் முடிக்கும்படி ஒப்பந்தம் போடுங்கள். வெடிப்புக் கம்பி அளவும் மட்டக்குழாய் அளவும் வேலை முடிந்த பிறகும் ஒரு முழுப் பருவமழை வரை தொடர வேண்டும், காலி செய்த அறைகளுக்கு அந்த அளவுகள் நிலையாக நின்ற பிறகே திரும்புங்கள்.